அச்சம் யாரைக் காக்கிறது?

கடந்த டிசம்பர் முதல் நாள் காலையில் மணமேல்குடிக் கடைத்தெரு வழியே பள்ளி மாணவர் பேரணி ஒன்று சென்றது. உலக எய்ட்ஸ் நாளையொட்டி நடந்த பேரணி அது. சீருடையணிந்த பிள்ளைகள் இருவர் இருவராக அணிவகுத்து, கையில் அட்டைகளை ஏந்தி, ஆசிரியர் சொல்லிக்கொடுத்த முழக்கங்களை எழுப்பியபடி நடந்தனர். அட்டைகளுள் பெரும்பாலானவற்றில் மண்டை ஓடு. அதன் கீழே குறுக்காக இரண்டு எலும்புகள். 'உயிர்க்கொல்லி' என்னும் சொல் சிவப்பு மையில், எழுத்துகளிலிருந்து குருதி சொட்டுவதுபோல் எழுதப்பட்டிருந்தது. வரைந்த பிள்ளை கைத்திறன் உள்ள பிள்ளை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நமக்குச் சற்றுத் தள்ளி, மீன்கூடையுடன் ஒரு பெண்மணி நின்றிருந்தார். பேரணி கடந்து முடியும்வரை அவர் தலை நிமிரவில்லை. முன்பே எண்ணி வைத்திருந்த மீன்களை மறுபடியும் எண்ணிக்கொண்டிருந்தார். அவர் எச்.ஐ.வி. தொற்றுடன், நாள்தோறும் மாத்திரை உண்டு, பதினெட்டு ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்து வாழ்ந்து வருகிறவர். அந்தத் தெருவில் அதை அறிந்தவர் நாம் ஒருவரே. அவரைப் பற்றி எழுத அவரிடம் இசைவு பெற்றோம், அடையாளங்களை மாற்றியிருக்கிறோம்.

பேரணியை நடத்திய ஆசிரியர்களின் நல்லெண்ணத்தில் நமக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆயினும் அன்று உள்ளத்தில் எழுந்த வினா இன்றுவரை அடங்கவில்லை. மனிதரைத் தீமையினின்று விலக்குவதற்கு அவர்களை அச்சுறுத்தலாமா? அச்சுறுத்தினால் அவர்கள் விலகுவார்களா? இரண்டும் ஒரே வினாபோல் தோன்றினும் வேறு வேறானவை. முன்னது அறத்தைச் சார்ந்தது. பின்னது பயனைச் சார்ந்தது. பயனே இல்லையெனில் அறம் பற்றிய வினாவுக்கு இடமில்லாது போகும். ஆகவே பயனிலிருந்து தொடங்குவோம்.

அச்சத்தை அடியோடு பழித்துரைப்பது கடற்கரையில் வாழ்கிறவர்களுக்குப் பொருந்தாது. மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் ஆகிய ஊர்களில் கடலை நம்பிப் பிழைக்கும் மக்கள் கடலுக்கு அஞ்சவும் கற்றவர்கள். கடலுக்கு அஞ்சாதவனோடு தாம் ஒருபோதும் படகேறியதில்லை என்று முதிய மீனவர் ஒருவர் நம்மிடம் கூறியதுண்டு. துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படுவது எதற்காக? அச்சமூட்டத்தான். 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் இக்கரையைச் சூறையாடியபோது அந்த அச்சம் எத்தனையோ உயிர்களைக் காத்தது. வள்ளுவரும் அச்சத்தை அறிவின் பக்கத்திலேயே வைக்கிறார்.

நம் திருச்சபையும் அச்சத்தைத் தள்ளிவிடவில்லை. நரகத்துக்கு அஞ்சி வருந்துகிறவன் வெளிவேடக்காரன் ஆகிறான் என்று மார்ட்டின் லூத்தர் வாதிட்டபோது, 1551ஆம் ஆண்டு திரெந்து பொதுச்சங்கம் அதை மறுத்தது. தண்டனைக்கு அஞ்சி எழும் மனத்துயரும் இறைவனின் கொடையே. அது குறைபட்டதாயினும் பாவியை அருளுக்கு ஆயத்தம் செய்கிறது என்று சங்கம் போதித்தது. அதற்கு நெடுங்காலம் முன்பே புனித அகுஸ்தினார் அச்சத்தை ஊசிக்கு ஒப்பிட்டிருந்தார். ஊசி முதலில் நுழைகிறது. நூலை உள்ளே கொண்டுவருவது அதுவே. நூலாகிய அன்பு உள்ளே வந்தபின் ஊசி அங்கேயே தங்குவதில்லை. வலையின் கிழிசலைத் தைக்கும் எவருக்கும் இவ்வுவமை விளங்கும். நூல் கோக்காத ஊசியால் நாள் முழுதும் குத்திக்கொண்டிருந்தாலும் துளைகள் பெருகுமேயன்றிக் கிழிசல் அடையாது.

பங்குகளில் தவக்காலத் தியானம் நடப்பதை அறியாதார் இல்லை. மூன்றாம் நாள் இரவில் தியான குரு நரகத்தைப் பற்றிப் பிரசங்கிப்பார். விளக்குகளைக்கூட அணைத்துவிடுவதுண்டு. மறுநாள் காலையில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை கோயில் வாயிலைத் தாண்டி நிற்கும். அடுத்த ஆண்டும் வரிசை அதே நீளம். முகங்களும் பெரும்பாலும் அவையே. எவருடைய இரகசியத்தையும் இங்கு நாம் வெளியிடவில்லை. ஆண்டுதோறும் நாம் அறிக்கையிடும் பாவங்களின் பட்டியலும் அதிகம் மாறியதில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். அந்த இரவின் அச்சம் பொய்யானதன்று. அது மனிதனை வாயில்வரை அழைத்து வந்தது. ஓராண்டுக்காலம் அவனோடு கூடவே நடக்கும் வலிமைதான் அதற்கு இல்லை.

உளவியலாரும் ஏறத்தாழ இதே இடத்துக்கு வந்திருக்கிறார்கள். 1953இல் இர்விங் ஜானிஸ், சீமோர் ஃபெஷ்பாக் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் உயர்நிலைப்பள்ளி மாணவரிடம் பல் பராமரிப்பைப் பற்றிய சொற்பொழிவை மூன்று விதமாக நிகழ்த்திப் பார்த்தனர். மிகக் கொடிய படங்களைக் காட்டி அச்சுறுத்திய சொற்பொழிவைக் கேட்டவர்களே அதிகம் கலங்கினர். ஆனால் பழக்கத்தை மாற்றிக்கொண்டவர்கள் அவர்களுள்தான் மிகக் குறைவு. இதை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. 2015இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று, 27,000க்கும் மேற்பட்டோரைச் சோதித்த 127 ஆய்வுக் கட்டுரைகளை ஒருங்கே எடைபோட்டு, அச்சமூட்டும் செய்திகள் மொத்தத்தில் பயன் தருகின்றன என்றே முடிவு கூறியது. ஆயினும் அவ்வாய்விலும் இரு குறிப்புகள் கவனத்துக்குரியவை. என்ன செய்தால் தப்பலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னபோது பயன் மிகுதி. ஒரே ஒருமுறை செய்ய வேண்டிய செயலுக்கு அச்சம் நன்கு உதவுகிறது. நாள்தோறும் செய்ய வேண்டிய செயலுக்கு அவ்வளவாக உதவுவதில்லை. தியானப் பிரசங்கத்தில் நாம் கண்டதும் இதுவே அன்றோ?

நம் மாநிலத்தின் கதைக்கு வருவோம். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் முதுநிலை மாணவி நிர்மலா திரட்டிய குருதி மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டு உண்மை தெரியவந்தது. 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. நாட்டிலேயே இத்தகைய முதற் சங்கம் அது. அந்நாள்களில் சுவரெல்லாம் எச்சரிக்கைகள். பின்னர் 2003ஆம் ஆண்டளவில் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற வினா ஊரெங்கும் ஒட்டப்பட்டது. மண்டை ஓட்டினும் அது நயமான உத்தி என்பதில் ஐயமில்லை. பேசக் கூசிய ஒன்றைத் தேநீர்க் கடைவரை கொண்டு வந்தது. ஆனால் வெளியூர் வேலையிலிருந்து இளைத்துத் திரும்பிய ஒருவரை இளைஞர் சிலர் அந்தப் பெயரால் அழைத்துச் சிரித்ததையும் நாம் காதால் கேட்டோம்.

தொற்று குறைந்தது உண்மை. இலான்செட் மருத்துவ இதழில் 2006இல் வெளியான ஆய்வின்படி, தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு தென்பகுதி மாநிலங்களில் 15 முதல் 24 வயதுக்குட்பட்ட கருவுற்ற பெண்களிடையே, 2000இல் நூற்றுக்கு 1.7 ஆக இருந்த தொற்று 2004இல் 1.1 ஆகத் தாழ்ந்தது. சுவரொட்டி மண்டை ஓடுகள்தாம் இதைச் சாதித்தன என்று சொல்வாருண்டு. நாம் அதை முழுதும் மறுக்கவில்லை. அஞ்சி விலகிய ஆண்களும் இருந்திருப்பர். ஆனால் அதே காலத்தில் பரிசோதனை அறைகள் திறக்கப்பட்டன; இரத்த வங்கிகள் ஒழுங்குபடுத்தப்பட்டன; லாரி ஓட்டுநர்களிடமும் பாலியல் தொழிலில் சிக்கிய பெண்களிடமும் பெயர் சொல்லிப் பழகிய களப்பணியாளர் தெருத்தெருவாக நடந்தனர்; ஆணுறைப் பயன்பாடும் பெருகியது. இக்கடைசிச் செய்தியை நம் பக்கங்களில் எழுதும்போது பேனா தயங்குகிறது. திருச்சபையின் போதனையை விவாதிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. பிறருக்குத் தொற்று ஏற்படக் கூடாதென எண்ணி ஒருவர் அதை நாடுவது, சில தனி நேர்வுகளில், ஒழுக்கப் பொறுப்புணர்வின் முதற்படியாக இருக்கக்கூடும் என்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2010இல் வெளியான நேர்காணல் நூலில் கூறியதை நினைவூட்டி அமைகிறோம். நாம் சொல்ல வருவது வேறு: அச்சம் தனியே நின்று வேலை செய்யவில்லை, அது வேலை செய்த இடங்களிலெல்லாம் அருகில் ஒரு கதவு திறந்திருந்தது.

கதவு மூடியிருந்தால் என்ன நேரும் என்பதை நாம் நூல்களில் படித்து அறியவில்லை. அதை நாமே செய்தோம்.

2006ஆம் ஆண்டுத் தவக்காலம். இக்கடற்கரையில் ஒரு சிற்றூர்க் கோயிலில் அப்போது பணியாற்றி வந்தோம். அரசு சாரா அமைப்பொன்று தந்த சுவரொட்டி நம்மிடம் இருந்தது. எலும்பும் தோலுமான ஒரு மனிதன், அவன் தலைக்கு மேல் மண்டை ஓடு. அதைப் பீடத்தருகே மாட்டி வைத்து, வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதை முடிந்ததும் நாற்பது நிமிடம் பேசினோம். பாவத்தின் கூலி எதுவென்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள் என்றோம். பெண்கள் சிலர் அழுதனர். நாம் வெற்றி கண்டதாகவே எண்ணினோம். அன்றிரவு நன்றாக உறங்கினோம் என்பதும் நினைவிருக்கிறது.

வெளிமாநிலத் துறைமுகங்களில் விசைப்படகு வேலை பார்த்துத் திரும்பியிருந்த ஒருவர் அன்று கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். பல வாரங்களாக அவருக்கு இருமல். ஏழு மாதங்களுக்குப் பின் அவர் இறந்தார். அடக்கத்தின்போது சடலத்தைக் குளிப்பாட்ட எவரும் முன்வரவில்லை. தார்ப்பாயில் சுற்றியே கொண்டுவந்தனர். தூக்க வந்தவர் நால்வர். அவருள் இருவர் வெளியூரார். நாமும் தீர்த்தம் தெளித்துவிட்டு இரண்டடி தள்ளியே நின்றோம். தொடுவதால் தொற்றாது என்பதை நன்கு படித்திருந்தோம்; கால்கள்தாம் அதைப் படித்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்து சில வாரங்களுக்குப் பின் அவர் மனைவியைப் பார்க்கச் சென்றோம். அவருக்கும் தொற்று இருப்பது அப்போது தெரியவந்திருந்தது. பழிச்சொல் எதுவும் கூறாமல், நடந்ததை நடந்தபடி சொல்கிற குரலில் அவர் சொன்னார்: "அன்னிக்கு நீங்க பேசுனதுக்கப்புறம் அவரு இருமலுக்குக்கூட ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னுட்டாரு சாமி. போனா கண்டுபிடிச்சிருவாங்க, அந்தப் படத்துல உள்ளவன் மாதிரி ஊருக்கு முன்னாடி நிக்கணும்னாரு."

அவர் மருத்துவமனைக்குப் போயிருந்தால் பிழைத்திருக்கலாம். 2004 ஏப்ரல் முதலே தாம்பரம் அரசு மருத்துவமனை உள்ளிட்ட சில மையங்களில் கூட்டு மருந்துச் சிகிச்சையை அரசு இலவசமாகத் தொடங்கியிருந்தது. 2006க்குள் அது பல ஊர்களுக்குப் பரவிக்கொண்டிருந்தது. நம் நாற்பது நிமிடப் பேச்சில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அறியாமையால் விட்டோம் என்று சொல்லித் தப்பலாம். ஆனால் மருந்து உண்டு என்று சொன்னால் அச்சம் குறைந்துவிடுமே என்ற எண்ணம் உள்ளத்தின் ஓரத்தில் இருந்ததை இறைவன் அறிவார்.

இப்போது அறம் பற்றிய வினாவுக்கு வருகிறோம். அச்சமூட்டும் பரப்புரையை ஆதரிப்போர், நூறு பேரை அச்சுறுத்தி ஐவரைக் காத்தாலும் நன்மைதானே என்று கேட்பர். அக்கணக்கில் ஓர் ஏடு விடுபட்டுப்போகிறது. அச்சத்தின் பயனைப் பெறுகிறவர் ஒருவர்; அதற்கு விலை கொடுக்கிறவர் மற்றொருவர். சோளக்கொல்லையில் பொம்மை நிறுத்துகிறோம், பறவைகள் விலகுகின்றன, பொம்மைக்கு வலிப்பதில்லை. ஆனால் நாம் சுவரில் நிறுத்திய பொம்மை உயிருள்ள மனிதரின் உருவம். நோயாளியைக் காட்டி நோயில்லாதவரை விரட்டுகிறோம். விரட்டப்பட்டவர் நோயினின்று விலகுவதற்கு முன்பே நோயாளியினின்று விலகிவிடுகிறார். நோய் கண்ணுக்குத் தெரிவதில்லை, நோயாளி தெரிகிறார். அஞ்சுகிற மனம் கண்ணுக்குத் தெரிவதையே பற்றிக்கொள்ளும்.

ஆஸ்திரேலியாவில் 1987 ஏப்ரலில் தொலைக்காட்சி விளம்பரம் ஒன்று ஒளிபரப்பானது. கையில் அரிவாளுடன் கறுப்பு அங்கியணிந்த மரண தேவன் பெரும் பந்தை உருட்டிவிட, ஆண், பெண், குழந்தை என வரிசையாக நின்ற மனிதர் சரிந்து விழுவர். நாடே நடுங்கியது. நோய்க்கு வாய்ப்பே இல்லாதவர்கள் பரிசோதனைக்கு விரைந்தனர். தொற்றுக்கு ஆளானோரையும் ஓரினச் சேர்க்கையாளரையும் மக்கள் அந்தக் கறுப்பு அங்கி உருவமாகவே காணத் தொடங்கினர் என்று அங்கு அப்பணியில் ஈடுபட்டிருந்தவர்களே பின்னர் வருந்தினர். பந்துக்கு இலக்கானவனைப் பந்தை உருட்டியவனாக மக்கள் மனம் மாற்றிக்கொண்டது.

நம் நாட்டில் இதற்கு நெடிய சான்று வரிசை உண்டு. ஒன்றே ஒன்றைச் சொல்வோம். கோவாவைச் சேர்ந்த டொமினிக் டிசூசா நம்மைப் போன்ற கத்தோலிக்கர்; மனமுவந்து குருதிக்கொடை அளித்து வந்தவர். 1989இல் அவருக்குத் தொற்று இருப்பது தெரிந்ததும் காவலர் அவரை அழைத்துச் சென்று, கைவிடப்பட்ட காசநோய் மருத்துவமனை ஒன்றில் 64 நாள்கள் அடைத்து வைத்தனர். குற்றமெதுவும் சாட்டப்படவில்லை. அவ்வாறு அடைத்து வைக்க மாநிலச் சட்டமே அன்று இடங்கொடுத்தது. சட்டத்தை இயற்றியவர்கள் கொடியவர்கள் என்று நாம் எண்ணவில்லை. அஞ்சியிருந்தார்கள், அவ்வளவே. 1992இல் அவர் இறந்தார். எச்.ஐ.வி. உள்ளவரை ஒதுக்குவதைத் தடைசெய்யும் சட்டம் நாட்டில் 2018 செப்டம்பர் 10ஆம் நாள்தான் நடைமுறைக்கு வந்தது.

மனைவியரின் நிலை இன்னும் கசப்பானது. நாம் அந்நாளில் மேடைதோறும் சொன்ன மருந்து, ஒருவனுக்கு ஒருத்தி என்பது. அது திருமணத்தின் மாண்பு, அதில் குறையில்லை. ஆனால் சென்னையில் சுனிதி சாலமன் நிறுவிய மையத்துக்கு வந்த தொற்றுள்ள பெண்கள் 134 பேரைப் பற்றி 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, அவர்களுள் நூற்றுக்கு 88 பேர் வாழ்நாளில் ஒருவரோடு மட்டுமே வாழ்ந்தவர்கள் என்று காட்டியது. அவர்கள் நம் அறிவுரையை முழுமையாகக் கடைப்பிடித்தவர்கள். நோய் அவர்களைத் தேடி வீட்டுக்குள்ளேயே வந்தது. பாவத்தின் கூலி என்று சுவரில் எழுதி வைத்த நாம், அந்த 88 பேருக்கு என்ன கூலியை வழங்கினோம்? கணவன் இறந்தபின் மாமியார் வீட்டில் அவர்களது தட்டும் குவளையும் தனியே வைக்கப்பட்டன. அந்தத் தட்டைத் தனியே வைக்கச் சொல்லிக்கொடுத்ததில் நம் மறையுரைக்கும் பங்குண்டு.

குருமடத்தில் ஒழுக்க இறையியல் வகுப்பில், நல்ல நோக்கத்துக்காகத் தீய வழியை நாடலாகாது என்று படித்தோம். அச்சமூட்டுவது தன்னளவில் தீய வழி என்று நாம் சொல்லவில்லை, புயற்கூண்டு தீயதன்று. அங்கே அஞ்சுகிறவனும் பயனடைகிறவனும் ஒருவனே. கூண்டு ஏற்றப்படுவதால் வேறெவனும் ஊரைவிட்டு விலக்கப்படுவதில்லை. கூண்டைப் பார்த்தவன் திரும்புவதற்குக் கரையும் உண்டு. இந்த இரண்டும் இல்லாதபோது அச்சமூட்டுவது, ஒரு மனிதனை மற்றொருவனுக்குக் கருவியாக்குவதாகிவிடுகிறது.

திரெந்து சங்கத்தின் போதனையிலும் இதே ஒழுங்கைக் காண்கிறோம். அச்சத்தால் வரும் மனத்துயர் போதும் என்று சொன்ன திருச்சபை, அத்துயரோடு வருகிறவனுக்குப் பாவசங்கீர்த்தன இருக்கையையும் வைத்தது. அதைச் சுற்றி எவ்வளவு கடுமையான இரகசியக் காப்பு! குரு உயிரே போவதாயினும் வாய் திறக்கலாகாது. நரகத்தைப் பற்றி மட்டும் பிரசங்கித்துவிட்டு, பாவசங்கீர்த்தன இருக்கையை மணமேல்குடிப் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியோடு வைத்திருந்தால் எத்தனை பேர் வந்திருப்பர்? நாமும் போயிருக்கமாட்டோம். நம் ஊர்களில் குருதிப் பரிசோதனை அறை நீண்ட காலம் அப்படித்தான் தோன்றியது. அறையின் கதவில் எழுதப்பட்டிருந்த சொற்களைப் படித்தவர், உள்ளே நுழைகிறவரின் முகத்தையும் படித்தனர்.

வேறொன்றும் உண்டு. அந்த மண்டை ஓடு இன்று உண்மையுமன்று. 1986இல் அது ஓரளவு உண்மை, மருந்தில்லாத காலம். இன்று முறையாக மாத்திரை உண்பவர் ஏறத்தாழ மற்றவரைப் போலவே நெடிது வாழ்கிறார். குருதியில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து நிலைத்துவிட்டால், உடலுறவின் வழி துணைக்கும் அது தொற்றுவதில்லை என்பது பல்லாண்டு ஆய்வுகளால் உறுதிப்பட்டிருக்கிறது. தொற்றுள்ள தாய் உரிய காலத்தில் மருந்து உண்டால் பிறக்கும் குழந்தையும் பெரும்பாலும் நலமாகவே பிறக்கிறது. எண்ணிக்கைகூட அச்சம் சொன்ன அளவில் இருந்ததில்லை. இந்தியாவில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று என்று கூறப்பட்டு வந்தது. 2007இல் மதிப்பீட்டு முறை திருத்தப்பட்டபோது அது ஏறக்குறைய 25 இலட்சமாகக் குறைந்தது. 25 இலட்சம் பேரின் துன்பம் சிறிதா என்ன? அதை இரட்டிப்பாக்கிச் சொன்னால்தான் நெஞ்சு இளகும் என்றால், நம் நெஞ்சைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். பொய்யைச் சொல்லியாவது மக்களைக் காப்போம் என்கிறவர் ஒன்றை மறக்கிறார்: பொய் வெளிப்பட்ட நாளில் அவர் சொன்ன உண்மைகளையும் மக்கள் சேர்த்தே எறிந்துவிடுவர்.

புனித தோமா அக்குவினாஸ் அச்சத்தை இருவகையாகப் பிரிப்பார். தண்டனைக்கு அஞ்சுவது அடிமையின் அச்சம். அன்புக்குரியவரை வருத்திவிடுவோமோ என்று அஞ்சுவது பிள்ளையின் அச்சம். அன்பு வளர வளர முன்னது குறையும், பின்னது வளரும். வகுப்பறையில் இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். இதன் பொருள் விளங்கியது பல்லாண்டுகளுக்குப் பின், 2018 டிசம்பரில், செய்தித்தாள் படித்தபோது.

அண்டை மாவட்டமான இராமநாதபுரத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் குருதிக்கொடை அளித்திருந்தார். வெளிநாட்டு வேலைக்காக மருத்துவப் பரிசோதனைக்குச் சென்றபோது தமக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதை அறிந்தார். புதுக்கோட்டைக் கடற்கரையிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் புறப்படும் நம் பிள்ளைகள் எத்தனை பேர் இதே பரிசோதனை வரிசையில் நிற்கிறார்கள் என்பதை வாசகர் அறிவர். அவர் என்ன செய்தார்? பேசாமல் இருந்திருக்கலாம். எவரும் அறியப்போவதில்லை. அவரோ தாம் கொடுத்த குருதியை எவருக்கும் ஏற்றிவிடாதீர்கள் என்று இரத்த வங்கிக்குத் தாமே தெரிவித்தார். அதற்குள் சாத்தூரில் கருவுற்ற பெண் ஒருவருக்கு அக்குருதி ஏற்றப்பட்டுவிட்டது. செய்தி நாடெங்கும் பரவியது. அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, டிசம்பர் 30ஆம் நாள் மதுரையில் மருத்துவமனையில் இறந்தார்.

முகமறியாத ஒருவருக்குத் தீங்கு நேருமோ என்று அஞ்சிய அந்த அச்சத்தை எந்தச் சுவரொட்டியும் அவருக்குக் கற்பித்திருக்க முடியாது. அக்குவினாஸ் சொன்ன இரண்டாம் வகை அச்சம் அது. பரப்புரைகள் அனைத்தும் நாடுகிற பொறுப்புணர்வு முழு உருவில் அந்த இளைஞரிடம் இருந்தது. அத்தகைய ஒருவரை உயிரோடு வைத்துக்கொள்ள நம் சமூகத்துக்கு இயலவில்லை. ஏனெனில் முப்பது ஆண்டுகளாக முதல் வகை அச்சத்தை அதற்கு ஊட்டி வளர்த்திருந்தோம்.

இதற்கு மாறான வழியை அறியாதவர்களாகவும் நாம் இருந்ததில்லை. நாமக்கல் பகுதியைச் சேர்ந்த கௌசல்யா, கணவர் வழியாகத் தமக்கு வந்த தொற்றை மறைக்காமல் தம் முகத்தையும் பெயரையும் காட்டிப் பேசத் துணிந்தார். 1998இல் தம்மைப் போன்ற பெண்களை இணைத்துச் சென்னையில் ஓர் அமைப்பையும் உருவாக்கினார். அவர் பேசுவதைக் கேட்ட பெண்கள் பரிசோதனைக்கு வந்தனர். மண்டை ஓட்டுக்கு முகமில்லை. அதனிடம் எவரும் வழி கேட்க முடியாது. ஆண்டவர் தொழுநோயாளியைக் குணமாக்கியபோது சொல் ஒன்றே போதுமாயிருந்தது. அவரோ முதலில் கையை நீட்டித் தொட்டார். அக்காலத்து விதிகள் தொடக் கூடாதென்றே சொல்லின. மக்கள் அச்சமும் அதையே சொன்னது. அந்த அடக்க நாளில் நாம் தள்ளி நின்ற இரண்டடியை நினைக்கும்போதெல்லாம் மாற்கு நற்செய்தியின் அந்த முதல் அதிகாரத்தைக் கடந்து செல்ல நமக்கு நேரமாகிறது.

பேரணி நடந்த வாரத்தில் அப்பள்ளியின் தலைமையாசிரியரைச் சந்தித்தோம். அவர் நமக்கு நெடுநாள் பழக்கமுள்ளவர். சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "அப்ப அட்டையில என்னதான் எழுதுறது ஃபாதர்?" என்றார். உடனே விடை சொல்ல நமக்குத் தெரியவில்லை. அன்பு, இரக்கம் என்று ஏதோ தொடங்கி, அவை பேரணி அட்டைக்குப் போதா என்பது நமக்கே விளங்கி நிறுத்திக்கொண்டோம். கேட்டுச் சொல்வதாகக் கூறி வந்தோம்.

மீன்கூடைப் பெண்மணியிடம் கேட்டோம். 2006இல் நாம் காணச் சென்ற கைம்பெண் அவர்தாம். கணவரின் ஊரைவிட்டு வெளியேறி, தாய்வழி உறவினர் நிழலில் இப்பக்கம் வந்து பிழைப்பவர். இரு பிள்ளைகளையும் படிக்க வைத்துவிட்டார். கேள்வியைக் கேட்டதும் அவர் நெடுநேரம் யோசிக்கவில்லை.

"எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கெழம, எத்தன மணிக்கு, எந்த ரூமுன்னு எழுதச் சொல்லுங்க சாமி. வேற யாருக்கும் சொல்லமாட்டாங்கன்னும் எழுதச் சொல்லுங்க. அந்த ரூமைத் தேடி நான் மூணு நாளு அலைஞ்சேன். யாருகிட்டயும் கேக்க முடியல."

அதைத் தலைமையாசிரியரிடம் தெரிவித்தோம். அவர் மேசையருகே சாய்த்து வைத்திருந்த பழைய அட்டை ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இவ்வளவையும் எழுத இந்த அட்டையில் இடம் போதுமா என்று கேட்டார். மண்டை ஓட்டை எடுத்துவிட்டால் போதும் என்றோம்.